கொழும்பிலிருந்து மலையேறும் சைக்கிள் பயணம்: கடைசியாக ஏறி வருபவரைக் கொண்டு திட்டமிடுதல்

கொழும்பில் சைக்கிள் ஓடுபவர்கள் அறிந்த மிகப் பெரிய ஏற்றம் பெரும்பாலும் ஒரு மேம்பாலமாகவே இருக்கும். காலிமுகத்திடலிலிருந்து மரைன் டிரைவ் வழியாக வெள்ளவத்தை வரை ஓடினாலும், பத்தரமுல்லைப் பக்கம் தியவன்னா ஓயாவைச் சுற்றி வந்தாலும் தரை ஏறக்குறைய ஒரே மட்டமாகவே கிடக்கிறது. அத்தரையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஒன்றாகச் செல்லும் நண்பர் குழு, கடுகண்ணாவை ஏற்றத்தின் முதலாவது கிலோமீற்றரிலேயே சிதறிப்போவது வழமை. சமதரையில் முன்னால் செல்பவர் காற்றை மறைத்துக் கொடுப்பதால், பலம் குறைந்தவரும் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே வந்துவிடலாம். மணிக்கு 9 அல்லது 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும்போதோ மறைப்பதற்குக் காற்று என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அவரவர் எடையை அவரவரே மேலே கொண்டுபோக வேண்டும். ஆகையால் மலைக்குப் புறப்படும் குழு, பாதை, கியர், நேரம், உணவு ஆகிய எல்லாவற்றையும் கடைசியாக ஏறி வரப்போகிறவரை மனத்தில் வைத்தே தீர்மானிக்க வேண்டும். வேகமானவருக்கு எந்தத் திட்டமும் பொருந்திவிடும்.

எந்த ஏற்றம், எந்த மாதம்

முதன்முறை செல்பவர்களுக்குக் கடுகண்ணாவையே பொருத்தமானது. கொழும்பு–கண்டி ஏ1 வீதி மாவனெல்லையைக் கடந்தபின், பஹல கடுகண்ணாவை வழியாக வளைந்து வளைந்து ஏறி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கடுகண்ணாவை நகரை அடைகிறது. பாறையைக் குடைந்து அமைத்த பழைய வாயிலும், வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரமும் மேற்பகுதியில் இருப்பதால், முடிவு நெருங்கிவிட்டதை முதல்முறை வருபவரும் அறிந்துகொள்ளலாம். வீதி அகலமானது, கடைகள் உண்டு, இயலாமற் போனவர் ஒரு முச்சக்கரவண்டியில் சைக்கிளோடு ஏறி மேலே வந்துவிடவும் முடியும். இவ்வீதியின் குறை போக்குவரத்து ஒன்றுதான். தனியார் பஸ்களும் கொள்கலன் லொறிகளும் ஓயாமல் ஓடுகின்ற நாட்டின் பிரதான வீதி என்பதால், ஞாயிற்றுக்கிழமை விடியும் வேளையில் மலையடிவாரத்தில் நிற்கக்கூடியவாறு வர வேண்டும்.

அடுத்த படி, அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கிச் செல்லும் ஏ7 வீதி. எட்டியாந்தோட்டை, கித்துல்கல வரை களனி கங்கையின் பள்ளத்தாக்கோடு மெதுவாகச் செல்லும் இவ்வீதி, அதன்பின் கினிகத்தேனையை நோக்கி நெடுக ஏறத் தொடங்குகிறது. ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் ஒருநாள் பயணத்துக்குக் கினிகத்தேனை போதும். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரையான சிவனொளிபாதமலைப் பருவத்தின் வார இறுதிகளில் இவ்வீதியைத் தவிர்ப்பது நல்லது. இரவு முழுவதும் மலையேறிவிட்டு உறக்கமின்றித் திரும்பும் வான் சாரதிகளோடு காலைவேளையில் அதே வளைவுகளைப் பகிர்ந்துகொள்வது புத்திசாலித்தனம் அல்ல.

கம்பளை, புசல்லாவ, இறம்பொடை, லபுக்கலை வழியாக 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியும், பெரகலையிலிருந்து 1,400 மீற்றருக்கும் மேலேயுள்ள ஹப்புத்தளைக்கு ஏறும் வீதியும் இரண்டு நாட் பயணங்கள். சனிக்கிழமை போய்த் தங்கி, ஞாயிறு காலை ஏறி, வானில் திரும்ப வேண்டும். மஹியங்கனைப் பக்கத்துப் பதினெட்டு வளைவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கொழும்பிலிருந்து முதல் மலையாக அங்கே போக வேண்டியதில்லை. அதிவேக நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்பது தெரிந்ததே.

காலத்தைப் பொறுத்தவரை, தை முதல் பங்குனி நடுப்பகுதி வரையான நாட்களே மேற்கு மலைச்சரிவுகளுக்கு உகந்தவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கித்துல்கல, கினிகத்தேனைப் பகுதிகளை ஓயாமல் நனைக்கும். அதே மாதங்களில் மலையின் மறுபுறமான ஊவா வறண்டும் காற்றாகவும் இருக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை வெயிலை நம்பிவிடக் கூடாது, பிற்பகல் இரண்டு மணிக்குப்பின் இடிமழை இறங்கும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலைநாட்டில் ஏற்பட்ட மண்சரிவுகளைக் கண்டவர்களுக்கு, மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படலாகாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. செல்லும் பாதையில் மஞ்சள் இருந்தாலே அந்த வாரம் விட்டுவிட வேண்டும். மலை அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.

கொழும்பிலிருந்து அடிவாரம் வரை சைக்கிளிலேயே போக வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு குழுவிலும் எழும். கடுகண்ணாவை ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தூரம். கடவத்தை, யக்கலை, நிட்டம்புவ நெரிசலிலும் வெயிலிலும் காலை வேளையைச் செலவழித்துவிட்டு மலையைத் தொடங்குவது, வேகமானவர்களுக்கு வீரமாகவும் மற்றவர்களுக்குத் தண்டனையாகவும் முடியும். அதிகாலை மூன்றரை மணிக்கு வானில் புறப்பட்டு மாவனெல்லையில் இறங்குவதே முறை. வானுக்குள் அடுக்கும்போது முன்சக்கரங்களைக் கழற்றி, சைக்கிளுக்குச் சைக்கிள் பழைய போர்வை ஒன்றை இடையில் வைத்து, கியர் உள்ள வலப்பக்கம் மேலே இருக்குமாறு கிடத்த வேண்டும். ரயிலில் அனுப்ப விரும்பினால், பொதியாகப் பதிவுசெய்ய வேண்டியிருக்கும். எல்லா ரயில்களிலும் பொதிகளுக்கு இடம் இருப்பதில்லையாதலால் முந்திய நாளே நிலையத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கியர்

மலையில் ஒருவர் துன்பப்படுவதற்குப் பெரும்பாலும் அவருடைய கால்கள் காரணம் அல்ல, அவருடைய சைக்கிளின் கியரே காரணம். 70 கிலோ எடையுள்ள ஒருவர், சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 10 கிலோவுடன், நூற்றுக்கு எட்டுச் சாய்வுள்ள வீதியில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய ரேஸ் சைக்கிள்களில் காணப்படும் 39 பல் முன் பற்சக்கரத்தையும் 25 பல் பின் பற்சக்கரத்தையும் கொண்டு நிமிடத்துக்கு 70 முறை மிதித்தால், வேகம் மணிக்கு 14 கிலோமீற்றரளவில் இருக்கும். அதற்கு ஏறக்குறைய 270 வாட் வலு வேண்டும். வாரத்தில் ஓரிரு நாட்கள் மட்டும் ஓடுபவரால் அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது. அவரே முன்னால் 34 பல்லும் பின்னால் 34 பல்லும் வைத்து அதே 70 முறை மிதித்தால், வேகம் மணிக்கு 9 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும், தேவையான வலு 170 வாட்டளவிலும் நிற்கும். மனிதர் மாறவில்லை, மலையும் மாறவில்லை.

ஆகவே குழுவில் பலம் குறைந்தவருடைய சைக்கிளில், முன்னால் 34 பல் சிறிய பற்சக்கரம் கொண்ட கொம்பாக்ட் கிராங்கும் பின்னால் 32 அல்லது 34 பல் வரை செல்லும் கேசட் எனும் பற்சக்கரத் தொகுதியும் இருக்கின்றனவா என்று புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே பார்க்க வேண்டும். பெரிய கேசட் போடும்போது செயினைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் மாற்றும் பின் டெரெய்லர் அதற்கு இடம் கொடுக்குமா, செயினின் நீளம் போதுமா என்பதையும் திருத்துபவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது அலுவலகம் போக வாங்கிய கியர் சைக்கிள் பலருடைய வீட்டில் இன்றும் நிற்கிறது. முன்னால் மூன்று பற்சக்கரங்கள் கொண்ட அத்தகைய சைக்கிள், விலையுயர்ந்த கார்பன் சைக்கிளை விட மலைக்கு ஏற்றதாக இருப்பதுண்டு. ஒரு கிலோ பாரம் குறைவதால் ஒரு மணிநேர ஏற்றத்தில் மிச்சமாவது ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான் என்பதை, இலகுவான சைக்கிளுக்காகக் கடன்படத் தயாராகும் நண்பரிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்யவேண்டிய ஒரு சோதனை உண்டு. பின்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கிப் பிடித்து, பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே, கியரைப் பின்னாலுள்ள மிகப் பெரிய பற்சக்கரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொழும்பில் ஒருபோதும் தேவைப்படாத கியர் என்பதால், பலருடைய சைக்கிளில் அந்தக் கடைசிச் சக்கரத்தின் பற்களில் தொழிற்சாலை எண்ணெய் அப்படியே இருக்கும். செயின் அதில் ஏறியதும் டெரெய்லர் கூட்டுக்கும் சக்கரக் கம்பிகளுக்கும் இடையே தெளிவான இடைவெளி இருக்க வேண்டும். சுற்றும்போது கம்பியில் தட்டும் மெல்லிய ஒலி கேட்டால், பெரும்பாலும் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது என்று பொருள். அதோடு மலைக்குப் போனால் முதல் செங்குத்து வளைவில் செயின் கம்பிகளுக்குள் விழும், டெரெய்லரும் முறியும். அந்த ஹேங்கர் ஒவ்வொரு சட்டத்துக்கும் வேறுபட்டது. மலைநாட்டுக் கடைகளில் கிடைக்காது. ஆகவே உதிரி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது அவசியம். அதனுடன் ஆளுக்கு இரண்டு டியூப், டயர் நெம்பி, கைப்பம்பு, பலபயன் கருவி, செயின் இணைப்பு, டயர் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு ஆகியவை குழுவுக்குப் போதும். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் விரல்நுனி அளவான பித்தளை மாற்றியையும் எடுத்துச் செல்ல வேண்டும். அது இருந்தால்தான் வீதியோர டயர்க் கடைகளின் காற்று உதவும்.

மேடில்லாத ஊரில் பயிற்சி

மேம்பாலங்களில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுப்பதைச் சிலர் பரிந்துரைப்பர். அரை நிமிட ஏற்றத்துக்காக வாகன நெரிசலில் திரும்பத் திரும்ப வளைவது பயனைவிட ஆபத்தையே தரும். மலையில் வேண்டியது, நாற்பது நிமிடம் இடைவிடாமல் ஒரே அழுத்தத்தைத் தாங்கும் தன்மை. அதற்குக் கடற்காற்று உதவுகிறது. தென்மேல் காற்று வீசும் மாதங்களில், அதிகாலையில் மரைன் டிரைவில் காற்றுக்கு எதிராக, கனமான கியரில் நிமிடத்துக்கு 55 முதல் 60 முறை மிதித்து, ஆசனத்தை விட்டு எழும்பாமல் பத்து நிமிடம் ஓடி, ஐந்து நிமிடம் இளைப்பாறி, மீண்டும் ஓட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் அடுக்குமாடிகளில் வசிப்பவர்கள் லிஃப்டை விட்டுப் படிக்கட்டில் ஏறுவதும் வீண் அல்ல. புறப்படுவதற்கு முந்திய மாதத்தில் பாதுக்கை, இங்கிரியப் பக்கத்து மேடுபள்ளமான வீதிகளில் ஒரு ஞாயிறு ஓடினால், கியர் மாற்றும் பழக்கம் வந்துவிடும்.

ஆசன உயரத்தையும் அதற்குள் சரிபார்க்க வேண்டும். ஆசனத்தில் அமர்ந்து, குதிக்காலைப் பெடலில் வைத்து அடிவரை அழுத்தும்போது கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறைய சரி. நகரத்தில் கால் ஊன்றுவதற்கு வசதியாகப் பதித்து வைத்த ஆசனம் சமதரையில் தொல்லை தராது. ஏற்றத்தில் முழங்காலின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஏறுதல்

அடிவாரத்தில் உற்சாகம் மிகுதியாக இருக்கும். முதல் கால்பங்கில் செலவழிக்கும் மிகை வலுவைக் கடைசிக் கால்பங்கில் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவே முதல் பாதிக்குரிய வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், யார் முன்னால் போனாலும் கியரை இறக்கிவிட வேண்டும். ஏற்றத்தில் நண்பருடைய வேகத்தைப் பிடித்துக்கொண்டு போக முயல்வதுதான் பெரும்பாலானோரை நடக்க வைக்கிறது.

கியரைச் சாய்வு தொடங்கியபின் அல்ல, தொடங்குவதற்கு முன்பே மாற்ற வேண்டும். முழுப் பாரத்தையும் பெடலில் அழுத்திக்கொண்டு கியரைத் தட்டினால் செயின் நெறுநெறுவென்று பற்களின் மேல் ஏறத் தவித்து, சில வேளை கழன்றும் விழும். வளைவு கண்ணில் பட்டதும் அரைச் சுற்று நேரம் காலின் அழுத்தத்தைத் தளர்த்தி ஒரு கியர் இறக்கினால், கிளிக் என்ற ஒலியோடு செயின் அமைதியாக அமர்ந்துவிடும். எப்போதும் ஒரு கியரை மிச்சம் வைத்துக்கொள்வது மனத்துக்கும் நல்லது.

பெரும்பகுதி நேரம் ஆசனத்தில் அமர்ந்தே, கைப்பிடியின் மேற்பகுதியைத் தளர்வாகப் பிடித்து, நிமிடத்துக்கு 65 முதல் 80 முறை மிதிக்க வேண்டும். எழுந்து நின்று மிதிப்பதால் இதயத்துடிப்பு கூடும். ஆனாலும் இடுப்பையும் முதுகையும் தளர்த்த, சில நிமிடங்களுக்கொருமுறை பத்துப் பதினைந்து மிதிகள் எழுந்து மிதிக்கலாம். எழுவதற்குமுன் ஒரு கியர் கனமாக்கிக்கொண்டால் கால் வெறுமையாக நழுவாது. நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் கொண்டையூசி வளைவில் நாம் உட்பக்கத்தில் இருப்போம். வளைவின் உட்பக்கமே மிகச் செங்குத்தானது. பின்னால் வாகனம் இல்லையென்று திரும்பிப் பார்த்து உறுதிசெய்தபின், ஓரத்திலிருந்து ஒரு மீற்றர் விலகி வந்தால் சாய்வு கணிசமாகத் தணியும். வாகனம் வந்தால் உட்பக்கத்தோடே நின்று, அந்த இருபது மிதிகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். இருவர் பக்கம் பக்கமாக ஏறுவதை ஏ1 வீதியில் அறவே தவிர்க்க வேண்டும்.

உணவில் சிக்கல் எதுவும் இல்லை. முந்திய இரவு இடியப்பமோ புட்டோ வயிறாரச் சாப்பிட்டு, ஏறும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் காபோவைதரேற்றும் அரை லீற்றருக்குக் குறையாத நீரும் கிடைக்கப் பார்த்தால் போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராமளவு காபோவைதரேற்று இருக்கிறது. வரக்காப்பொலையில் வாங்கும் எள்ளுருண்டையும் பனங்கட்டித் துண்டும், இறக்குமதியாகும் ஜெல் பொதிகளை விட மலிவானவை, வெயிலில் தின்னவும் இலகுவானவை. வியர்வை மிகுதியாக வருபவர்கள் ஒரு போத்தலில் ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைத் தூளைக் கரைத்துக்கொள்ளலாம். பசித்தபின் சாப்பிட நினைப்பது பிந்திய செயல். அரைமணிக்கொருமுறை ஒரு கடி என்று பழக்கிக்கொள்ள வேண்டும். புசல்லாவ, லபுக்கலைப் பக்கங்களில் தோட்டக் கடைகளில் தமிழிலேயே பேசலாம். “அக்கா, போத்தல்ல கொஞ்சம் தண்ணி ஊத்திக்கலாமா?” என்று கேட்டால், தண்ணீரோடு அடுத்த வளைவுக்கப்பால் வீதி எப்படி இருக்கிறது என்ற விவரமும் கிடைத்துவிடும்.

காத்திருத்தல்

குழுவாகப் போவதன் கலை முழுவதும் காத்திருப்பதிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. அவரவர் வேகத்தில் ஏறி, முன்பே பேசிக்கொண்ட இடங்களில் ஒன்றுசேர வேண்டும். அந்த இடங்கள் “ஏதாவது ஒரு கடை” என்று இருக்கக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த பெயருள்ள சந்தியோ, பாலமோ, கோபுரமோ ஆக இருக்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் முழு ஏற்றத்திலும் கடைசியாளுக்குப் பின்னாலேயே வர வேண்டும். கருவிப்பையும் அவரிடமே இருக்கட்டும். கடைசியாக வருபவர் எப்போதும் ஒன்றையே சொல்வார்: “நீங்க போங்கோ அண்ணா, நான் மெதுவா வாறன்.” அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மலைச்சரிவுகளில் தொலைபேசிச் சமிக்ஞை சில வளைவுகளில் கிடைக்காது என்பதும் ஒரு காரணம்.

இன்னொன்று பலருக்குப் புலப்படுவதில்லை. முதலில் ஏறியவர்கள் இருபது நிமிடம் நிழலில் அமர்ந்து பிளேன்டீ குடித்து முடித்திருப்பார்கள். கடைசியாள் முகம் சிவக்க வந்து காலை ஊன்றியதும், “சரி, எல்லாரும் வந்தாச்சு, வெளிக்கிடுவம்” என்று எழுந்துவிடுவார்கள். மிகுதியாகக் களைத்தவருக்கு ஓய்வே இல்லாமற் போகிறது. அவர் அடுத்த முறை வரமாட்டார். இளைப்பாறும் நேரத்தைக் கடைசியாள் வந்த நிமிடத்திலிருந்தே கணக்கிட வேண்டும். காத்திருக்கப் பொறுமையில்லாத பலசாலிகள் ஒரு கிலோமீற்றர் கீழே இறங்கி, அவரோடு மறுபடி ஏறி வரலாம். அவர்களுக்கும் பயிற்சி ஆகிறது.

திரும்பும் நேரமும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு எங்கே இருந்தாலும் அங்கிருந்து இறங்குவது என்று தீர்மானித்தால், உச்சிக்கு இன்னும் இரண்டு கிலோமீற்றர்தானே என்ற விவாதத்துக்கு இடமில்லை.

இறங்குதல்

ஆபத்து ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்தான் இருக்கிறது. உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை குறையும். வியர்வையில் நனைந்த உடலோடு நுவரெலியாவிலிருந்து இறங்குபவருக்கு விரல்கள் விறைத்து, பிரேக்கை அழுத்தவும் முடியாமற் போகலாம். மெல்லிய காற்றுத்தடுப்பு ஜெக்கட் ஒன்றைச் சுருட்டி முதுகுப் பொக்கற்றில் வைத்திருக்க வேண்டும். மறந்தவர், கடையில் பழைய செய்தித்தாள் ஒன்று கேட்டு வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் இடையே விரித்துக்கொள்ளலாம்.

வேகத்தை வளைவுக்குமுன் குறைத்து, வளைவினுள் பிரேக்கை விட வேண்டும். விளிம்பில் அழுத்தும் பிரேக் உள்ளவர்கள், தொடர்ந்து மெதுவாக உரசிக்கொண்டே இறங்கினால் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கும். சில விநாடி உறுதியாகப் பிடித்து, பிறகு முழுதாக விட்டு, காற்றில் ஆறவிட வேண்டும். கருகிய வாடை வந்தால் நின்றுவிட வேண்டும். இறங்கும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவில் மிகுந்த எச்சரிக்கை தேவை. எதிரே ஏறி வரும் பஸ்ஸுக்கு அது இடப்பக்க வளைவு. அதன் நீளத்துக்கு உட்பக்கம் போதாததால், அது நமது பாதைக்குள் அகன்று வந்தே திரும்பும். ஒலிப்பான் ஒலி கேட்ட உடனே, பஸ் கண்ணுக்குத் தெரியுமுன்னரே, இட ஓரத்தில் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மழை தூறினால் வீதியில் பூசிய வெள்ளைக் கோடுகளும், பஸ் தரிப்பிடங்களில் சிந்திய டீசலும் வழுக்கும். முதல் பத்து நிமிடத் தூறலே மிகவும் மோசமானது. குழுவில் ஒருவருக்கொருவர் வளைவுகளில் குறைந்தது ஐந்து சைக்கிள் நீள இடைவெளி வேண்டும். இறக்கத்தில் பந்தயம் கிடையாது. விபத்து நேர்ந்தால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை இலவசமாக அழைக்கலாம். அழைப்பவர் கடைசியாகக் கடந்த கிலோமீற்றர் கல்லின் எண்ணைச் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பது இலகு.

கீழே வந்ததும் வானில் ஏற்றுமுன், பிரேக் கட்டைகளில் சிறுகற்களோ உலோகத் துகளோ பதிந்திருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் ஊசிமுனையால் அகற்ற வேண்டும். மழையில் நனைந்த செயினை அன்றிரவே துடைத்து எண்ணெய் இடாவிட்டால், கொழும்பின் உப்புக்காற்று இரண்டு நாளில் அதில் துருவை ஏற்றிவிடும்.